என் எண்ணில் ஒரு கொம்பனி

புது சிம் போட்ட மூன்றாம் நாள்
முதல் அழைப்பு:
"ஃபர்னஸ் நிண்டுபோச்சு, எத்தினை மணிக்கு வருவியள்?"
பிழையான நம்பர் என்று வைத்துவிட்டேன்.
நாலாம் நாள் பதினொரு பேர்.

ஏஜாக்ஸில் ஜனவரி எல்லாருக்கும் பொது.
எனக்கு மட்டும் அது
இன்னொருவருடைய வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

பார்சல் கிடங்கில் எனக்கு இரவு வேலை.
பத்து நிமிட இடைவேளையில்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
அவர்கள் சொன்ன இணையதளத்தைத் திறந்தேன்.

முதலில் நாதஸ்வரம்.
நிறுத்தப் பொத்தான் இல்லை.
பொதி பிரிக்கிற வரிசை முழுக்கத் திரும்பியது.
மேற்பார்வை மார்சியா ஓடிவந்து
ஆம்புலன்ஸா என்று கேட்டாள்.

பிறகு ஒரு நீல நெருப்பு சுழன்றது,
சுழன்றது,
என் டேட்டாவில் பாதியைத் தின்றுவிட்டு
ஒரு முகத்தைக் காட்டியது.
குகநேசன். கோட், டை,
கைகட்டிச் சிரிக்கிற ஆளுயரப் படம்.
விரலால் தள்ளத் தள்ள அவர் வந்துகொண்டே இருந்தார்.
முழங்காலுக்குக் கீழேயாவது விலாசம் இருக்கும் என்று நம்பினேன்.
சப்பாத்துத்தான் இருந்தது.

எங்கள் கதை. எங்கள் நோக்கம்.
எங்கள் விருதுகள்: விரைவில்.
அந்த விரைவில் ஐந்து வருடமாக
அதே இடத்தில் நிற்கிறது.
எந்த ஊர்வரை வருவார், எவ்வளவு எடுப்பார்,
நடுச்சாமத்தில் சூடு நின்றால் முதலில் எதைத் தொடலாம்,
எதைத் தொடக்கூடாது,
ஒரு வரி இல்லை.
"இருபத்துநாலு மணி நேரமும்" மட்டும் கொட்டை எழுத்தில்.
அதற்கடியில், எறும்பு அளவில்,
என் எண்.

ஆறு பேருக்கு இல்லை என்றேன், அறுபது பேருக்கும் சொல்லியிருப்பேன்.
ஹார்வுட் அவெனியூவிலிருந்து ஒருவர்
இரண்டு கிளிகளைக் குளியலறைக்குள் வைத்து
சுடுதண்ணியைத் திறந்துவிட்டிருப்பதாகச் சொன்னார்.
"ஆவியிலை கொஞ்சம் தாங்குங்கள்.
தண்ணிக்குப் பில் வரும் பிள்ளை,
கெதியா வரச் சொல்லும்."
வாடகை ரசீதின் பின்பக்கத்தில்
அவர் பெயரை எழுதினேன்.
வேறு கொம்பனி ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.
அடுத்தவர் பெயரையும் எழுதினேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
போன் எடுத்தவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை வெஸ்ட்னி சிக்னலில் ஒரு வான்.
அதே முகம், கதவு நிறைய.
வேறு எண்.
கண்ணாடியில் தட்டினேன்.

"நாலாயிரம் டொலர் குடுத்தனான் தங்கச்சி,
நாதஸ்வரத்துக்குத் தனிக்காசு.
செய்த பெடியன் கல்கரிக்குப் போட்டான்,
பாஸ்வேர்ட் அவனிட்டை.
நம்பரோ? பிளான் மலிவெண்டு போன கோடையிலை மாத்தினது.
இந்த முறை போனே வரேல்லை,
சனம் எல்லாம் பெரிய இடத்துக்குப் போகுதாக்கும்."

கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்றேன்.
"என்ர தளத்தை நான் ஏன் பாக்க?
நான் ஆரெண்டு எனக்குத் தெரியுந்தானே."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன்.
ரசீதை ஜன்னலுக்குள் திணித்தேன்.
நாற்பத்துமூன்று பெயர்கள்,
சிலதுக்குப் பக்கத்தில் குழந்தை என்று,
ஒன்றுக்குப் பக்கத்தில் கிளி என்று.
அவர் அதை வாசித்தபடி நின்றார்.
பச்சை மறுபடி சிவப்பானது.

அன்றிரவு, இடைவேளைக்கு முன்,
போன் அதிர்ந்தது.
"ஹலோ, குகநேசன் ஹீட்டிங்கோ?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"ஓம்," என்றேன்,
"விலாசத்தைச் சொல்லுங்கோ."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்குப் பின்னால், நிறுத்த வழியில்லாமல்,
நாதஸ்வரம்.